முப்புடாதிக்கு ஒரு பாவாடை

மத்தியானம் பன்னிரண்டரை மணி. மேலநீலிதநல்லூர்ப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஒரு தார் ரோடு. ஆள் இல்லை... ஆடு இல்லை. காற்றாலைகூடச் சுற்றவில்லை. இரண்டு பக்கமும் உடைமரம். அந்த ரோட்டில் ஒரு ஸ்கூட்டி வருகிறது. ஓட்டுகிறவள் கோகிலா. கால் வைக்கிற இடத்தில் ஒரு ஓலைப்பெட்டி.

என்ன ஜெயசிங் சார், சிரிக்கிறீர்கள்?

"பட்டப்பகல்லயா டீச்சர் பேய் வருது?"

ஆமாம், பட்டப்பகலில்தான். ராத்திரி வருகிற பேய் என்றால் லைட்டைப் போடலாம். உச்சி வெயிலில் வருவதற்கு எந்த லைட்டைப் போடுவீர்கள்?

ஷாஜித் தம்பி, வேன் இப்படி ராத்திரியில் நடுவழியில் நின்றுவிட்டது, மெக்கானிக் புளியங்குடியிலிருந்து வந்து சேர நேரமாகும். ஹெட்லைட்டை அணைத்துவிடு, பேட்டரியாவது மிஞ்சட்டும். கண்ணாடியை ஏற்று, கொசு வருகிறது. எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். கணேசன் சார், பின் சீட்டில் தனியாக இருக்காதீர்கள், இப்போதே முன்னால் வந்துவிடுங்கள். கதை பாதியில் உங்களால் எழுந்து வர முடியாது.

இது நம் பள்ளிக்கூடத்து பிரேமலதாவின் தங்கச்சிக்கு நடந்தது. பிரேமலதா என்னிடம் சொன்னாள். திங்கட்கிழமை அவளிடம் போய் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

கோகிலா தொல்லியல் படித்தவள். "அதைப் படிச்சு எங்க வேலைக்குப் போவ?" என்று அவள் அப்பாவே கேட்டார். அவள் கேட்கவில்லை. அருங்காட்சியக வேலைக்கென்று ஒரு டிப்ளமோவும் முடித்தாள். அகழாய்வுக் குழிப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து பல் தேய்க்கிற பிரஷால் பானை ஓடு கழுவினாள். ஓட்டின் உள்பக்கம் ஒரு பூச்சு தடவி, காய்ந்ததும் அதன்மேல் எறும்பு எழுத்தில் எண் எழுதினாள். ஓர் ஊரில் ஆறு மாத ஒப்பந்தம், இன்னோர் ஊரில் ஒரு வருஷம். இன்டர்வியூவுக்குப் போனால் முதலில் அனுபவம் போதாது என்றார்கள். அனுபவம் சேர்த்துக்கொண்டு போனால் வயது கூடிவிட்டது என்றார்கள். வீட்டில் மாப்பிள்ளை பேச்செடுத்தால், வேலை நிரந்தரமாகட்டும் என்பாள். முப்பது தாண்டிவிட்டது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். அதனால்தான் அவள் செய்ததைச் சொல்லும்போது ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நம் ஊரில் பழைய பஞ்சு ஆலைக்காரர் பங்களா ஒன்று உண்டு. அதை ஓர் அறக்கட்டளை வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியது. கோகிலாவுக்கு அங்கே வேலை. அதுவும் ஒப்பந்தம்தான். இயக்குநர் சங்கரபாண்டியன், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பானையும் ஓடும் எல்லா மியூசியத்துலயும் கெடக்கும்மா. வேற எங்கயும் இல்லாத ஒண்ணு கொண்டா. தை கடைசியில கமிட்டி வருது. அவங்க பாத்து அசந்துட்டா, காப்பாட்சியர் நீதான். நிரந்தரம். இல்லன்னா... பங்குனியோட உன் ஒப்பந்தம் முடியுது."

அன்று சாயங்காலமே அவளுக்கு அத்தை வீட்டுப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

பிளஸ்ஸி டீச்சர், உங்களுக்குக் கன்னிப்பெட்டி தெரியாது. கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளை இறந்துபோனால், சில வீடுகளில் அவளைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டிக்குள் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு. அதை வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பாவாடை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து, சொந்தத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு உடுத்திவிடுவார்கள். கோகிலாவும் பிரேமலதாவும் சின்ன வயதில் மாற்றி மாற்றி உடுத்தியிருக்கிறார்கள்.

அத்தை பேர் கோமதித்தாய். அவள் வீட்டுப் பெட்டியில் இருந்தது அவளுடைய அக்கா, முப்புடாதி. ஏழு வயதில் ஒரே நாள் காய்ச்சலில் போனவள். பொங்கலுக்குத் தைத்து வந்த பாவாடையை உடுத்திப் பார்க்காமலே போய்விட்டாள். கோமதித்தாய்க்கு இப்போது எழுபது நெருங்குகிறது. பல் பாதி இல்லை. அக்காவுக்கு இன்னும் ஏழுதான். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான். காப்பி போட்டால்கூட, "ஏ முப்புடாதி, இன்னைக்குக் கசக்குட்டி" என்று உத்தரத்தைப் பார்த்துச் சொல்லுவாளாம்.

அந்தப் பெட்டியைத்தான் கோகிலா கேட்டாள். அத்தை முடியாது என்றாள். கோகிலா அழுதாள். இது கிடைக்காவிட்டால் என் பிழைப்பே போச்சு அத்தை என்று காலைப் பிடித்தாள். அண்ணன் மகள் அழுதால் எந்த அத்தைக்குத்தான் மனசு கேட்கும்? இறக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தை கடைசி வெள்ளிக்கு நான் புதுசு தச்சிக் கொண்டு வாரேன். அதுவரைக்கும் பழச வெளிய எடுக்கப்படாது, கேட்டியா? ஒரு நொடிகூட வெறும் பெட்டியா இருக்கப்படாது. பொம்பளப் பிள்ள மக்கா... உடுக்க இல்லாம இருக்க மாட்டா."

"சரி அத்தை" என்றாள் கோகிலா. தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தாள்.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள். உச்சி வெயில். ஸ்கூட்டியின் பின்பக்கம் ஒரு தடவை அமுங்கியது... யாரோ சின்னப் பிள்ளை தாவி ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்கும், அப்படி. டயரில் காற்று இறங்கிவிட்டது என்று நினைத்தாள். பிறகு வளையல் சத்தம். கிலுக்... கிலுக். பெட்டிக்குள் வளையல் ஆடுகிறது என்று நினைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வளையலை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிக் கட்டியவளே அவள்தான். பஞ்சுக்குள் இருக்கிற வளையல் எப்படிச் சத்தம் போடும்?

கண்ணாடியில் பார்த்தாள். ரோடு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் இடுப்பில் இரண்டு பக்கமும் துணி இழுபட்டிருந்தது, சின்னக் கை கெட்டியாகப் பிடித்திருக்கிற மாதிரி. புதுத்துணிக் கஞ்சி வாசனை வந்தது. அருங்காட்சியக வாசலில் வண்டியை நிறுத்தினாள். பின்பக்கம் துள்ளி மேலே எழும்பியது.

வாட்ச்மேன் மாரிராஜ் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "பின்னால இருந்த பிள்ள எங்கம்மா?" என்றார்.

அப்போதே திருப்பிக் கொண்டுபோயிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவள் போகவில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது என்று மாரிராஜுக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

அவள் செய்த தப்பை நீங்களோ நானோ செய்திருக்க மாட்டோம். பெட்டியை அப்படியே ஓர் அலமாரியில் வைத்திருப்போம். அவள் படித்தவள் அல்லவா? அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் வந்தால் முதலில் பிரிப்பார்களாம். ஓலைக்கு ஒரு பக்குவம், பட்டுக்கு ஒரு பக்குவம், கண்ணாடிக்கு வேறு. கோகிலா பெட்டியைத் திறந்தாள். பாவாடையை எடுத்தாள், ஓர் எண் போட்டாள், மெல்லிய தாள் சுற்றித் துணி அறையில் வைத்துப் பூட்டினாள். வளையலுக்கு வேறு எண், வேறு அறை. சீப்புக்கும் ரிப்பனுக்கும் இன்னொன்று. கடைசியில் வெறும் பெட்டி. ஓலையில் பூச்சி இருந்தது. பூச்சி மருந்து அடித்தால் ஓலை கெட்டுவிடும், அதனால் குளிரில் வைத்துக் கொல்லுவார்களாம். அதற்கென்று ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கிப்போட்ட பழைய ஃப்ரீசர் ஒன்று, படுக்கைவசத்தில், மேல்மூடி திறக்கிற மாதிரி. பெட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயைச் சூடுவைத்து ஒட்டி, உள்ளே இறக்கி மூடினாள்.

உடுக்க ஒன்றும் இல்லாமல்... அந்தப் பிள்ளையை... அந்தக் குளிரில்.

யோசித்துப் பாருங்கள். பெற்றவள் யாராவது செய்வாளா இப்படி?

அடுத்த நாளிலிருந்து துணி காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் மேசை துடைக்கிற துணி. பிறகு இயக்குநர் நாற்காலியில் விரித்திருந்த டர்க்கித் துண்டு. பிறகு ஜன்னல் திரை ஒன்று, கம்பியோடு வளையம் அப்படியே இருக்க, துணி மட்டும். எல்லாம் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பூட்டுகிற நேரத்தில். அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மா பேர் இன்பம். அவள் தோளில் போட்டிருந்த துண்டும் போனது. அவள் அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

"அந்த ஐஸ் பெட்டிக்குள்ள ஏதோ தட்டுது தாயி. நகத்தால தட்டுத மாதிரி. எனக்குப் பயமா இருக்கு."

கோகிலா ஃப்ரீசரைத் திறந்தாள். வெள்ளையாகக் குளிர்ப்புகை மேலே எழும்பியது. பாலித்தீன் பை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. எந்தப் பக்கமும் கிழிசல் இல்லை. ஆனால் பைக்குள்ளே... பெட்டியைச் சுற்றி... மேசைத்துணி, டர்க்கித் துண்டு, ஜன்னல் திரை, இன்பத்தின் துண்டு. ஒன்றின்மேல் ஒன்று சுற்றி, அப்பளம் மாதிரி விறைத்துப்போய்.

பார்த்தவள் என்ன செய்தாள் தெரியுமா? இன்பம்தான் பொறாமையில் விளையாடுகிறாள் என்று இயக்குநரிடம் சொன்னாள். இன்பத்தின் வேலை அன்றைக்கே போய்விட்டது. கோகிலா அப்படி நிஜமாகவே நினைத்தாளா என்று பிரேமலதாவிடம் கேட்டேன். "இல்ல சுந்தரி, அவளுக்குத் தெரியும். விஷயம் வெளிய போனா வேலை போயிரும்லா, அதான்" என்றாள். கமிட்டி வர கொஞ்ச நாள்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

தை கடைசி வெள்ளி. கோமதித்தாய் பஸ் ஏறி வந்துவிட்டாள். தலை நிறையப் பூ. மஞ்சள் பையில் புதுப் பாவாடை, இளம் பச்சை, அரக்குக் கரை. வெறும் வயிற்றோடு வந்தவளை கோகிலா வாசலோடு நிறுத்திவிட்டாள்.

"உள்ள விட மாட்டாங்க அத்தை. எங்கிட்ட குடுங்க, நான் வச்சிருதேன்."

"நான் கண்ணால பாத்துட்டுப் போறேனே மக்கா. ஒரு நிமிசம்."

"ரூல்ஸ் அத்தை. சொன்னாப் புரியாதா?"

அத்தை பாவாடையைக் கொடுத்தாள். அந்த வாசலில் நின்றே உள்ளே பார்த்துக் கும்பிட்டாள். கோகிலா உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்து, "வச்சுட்டேன்" என்றாள். அத்தைக்கு முகமெல்லாம் சந்தோஷம். கிளம்பிப் போய்விட்டாள்.

அந்தப் பாவாடை என்ன ஆயிற்று? கமிட்டிக்குக் காட்ட, ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பிள்ளை பொம்மை வாங்கியிருந்தார்கள். முகம் இல்லாத துணிப் பொம்மை. அதற்குப் பழைய பாவாடையை உடுத்தினால் இடுப்பில் நிற்கவில்லை, தொளதொளவென்று இறங்கியது. கோகிலா புதுப் பாவாடையைச் சுருட்டி, பொம்மையின் வயிற்றுக்குள் திணித்து, தைத்துவிட்டாள். பழைய பாவாடை கச்சிதமாக நின்றது.

ஜெயசிங் சார் சிரிப்பு எங்கே போயிற்று?

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் பொம்மை, கையில் வளையல், பக்கத்தில் மூடி திறந்த வெறும் பெட்டி, மேலேயிருந்து விளக்கு. கமிட்டிக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். ஒரு வாரத்தில் கோகிலா காப்பாட்சியர் ஆகிவிட்டாள். கதவில் பித்தளைப் பலகையில் பேர். பிரேமலதா நம் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அந்த லட்டு இதற்குத்தான்.

யார் சொன்னார்களோ, மாசி மாதம் அத்தை டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். கூண்டுக்கு முன்னால் நின்றாள். முகம் இல்லாத ஒன்று தன் அக்காவின் பாவாடையை உடுத்தி நிற்கிறது. பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. அவள் அழவில்லை. கோகிலாவிடம் கேட்டாள்.

"புதுசு எங்கட்டி?"

"அந்தப் பொம்மைக்குள்ள இருக்கு அத்தை."

"என் பெட்டியத் தந்திரு."

"இனிமே தர முடியாது அத்தை. அது மியூசியத்துப் பொருள். எண் போட்டாச்சு."

கோமதித்தாய் கூண்டின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது அவள் கை வைத்த இடத்துக்கு எதிரே, உள்பக்கத்தில், ஒரு சின்னக் கையின் ஈரத்தடம் இருந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவ கேக்க மாட்டா மக்கா" என்றாள். "எடுத்துக்கிடுவா."

சித்திரை வந்தது. நம் ஊர்ச் சித்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மின்விசிறி காற்றே அனலாக வீசும். கோகிலாவுக்குக் குளிர ஆரம்பித்தது. சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர். அதற்கு மேல் சால்வை. பல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். டாக்டர் பார்த்தார், ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வீட்டு அலமாரியில் அவள் துணி குறைந்துகொண்டே வந்தது. காலையில் மடித்து வைத்தது மத்தியானம் இருக்காது. எல்லாம் அருங்காட்சியக ஃப்ரீசருக்குள் விறைத்துக் கிடந்தன. கமிட்டி வந்துபோனதுமே அந்த ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் உள்ளே விரல் தடிமனுக்கு ஐஸ்.

பிரேமலதா தலைதலையாக அடித்துக்கொண்டாள். "பெட்டியக் குடுத்துத் தொலட்டி!" கோகிலா கேட்கவில்லை. எத்தனை வருஷம் காத்திருந்த வேலை! அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்தக் கதவில் அவள் பேர் ஏது?

கடைசியில் ஒரு நாள், குளிர் தாங்காமல், பெட்டியைக் கொடுக்க வேண்டாம், உள்ளே புதுப் பாவாடையை வைத்துவிட்டால் போதும் என்று முடிவெடுத்தாள். பிரேமலதாவுக்குப் போன் செய்து, "இன்னைக்கு வச்சிருதேங்க்கா, எல்லாம் சரியாயிரும்" என்றாள். மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கத்தரிக்கோலும் கூண்டுச் சாவியும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வெளியே மாரிராஜ் சோற்று வாளியைத் திறந்து வைத்திருந்தார். அவர் கேட்டது இவ்வளவுதான். கூண்டு திறக்கிற சத்தம்... கத்தரிக்கோல் நூலை வெட்டுகிற சத்தம், நறுக்... நறுக்... பிறகு கோகிலாவின் குரல், "எங்க? உள்ள ஒண்ணும் இல்லையே?" பிறகு வளையல் சத்தம். பிறகு ஒரு சின்னப் பிள்ளை களுக்கென்று சிரித்தது.

கதவை உடைத்தார்கள். கூடத்தில் யாரும் இல்லை. கூண்டு பூட்டியே இருந்தது. பொம்மை அம்மணமாக நின்றது, வயிறு திறந்து, உள்ளே வெறுமை. பெட்டியின் மூடி மூடியிருந்தது. எல்லா அறையும் தேடினார்கள். கடைசியில் சங்கரபாண்டியன் ஃப்ரீசரைத் திறந்தார்.

உள்ளே கோகிலா. முட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இமையில் வெள்ளையாக உறைபனி. அவள் உடம்பில் முப்புடாதியின் பழைய பாவாடை சட்டை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது... முப்பது தாண்டிய பெண்ணின் இடுப்பில்... ஒரு தையல்கூட விடவில்லை. கொக்கி மாட்டியிருந்தது.

உயிர் இருந்தது. தூக்கி வெளியே கிடத்தினார்கள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தாள். சுற்றி நின்ற ஒருவரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"கோமதி எங்க?" என்றாள். "என்னைய விட்டுட்டு வெளாடப் போயிட்டாளா?"

ஆஸ்பத்திரி, மனநல டாக்டர், எல்லாம் பார்த்தார்கள். யாரிடமும் ஒட்டவில்லை. ராத்திரியும் பகலும் "கோமதி, கோமதி" என்று ஒரே அழுகை. வேறு வழியில்லாமல் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே போனதும் அழுகை நின்றுவிட்டது.

சங்கரபாண்டியன் மறுநாளே வேன் வைத்துப் பெட்டியை அனுப்பிவிட்டார். அனுப்புவதற்கு முன்னால் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே கோகிலா அன்றைக்கு உடுத்தியிருந்த சுடிதார் இருந்தது. அழகாக மடித்து, மடிப்பு விழுகிற இடத்தில் மெல்லிய தாள் வைத்து, அருங்காட்சியகத்தில் பட்டுத்துணியை மடிக்கிற அதே முறையில். வைகாசிக்குள் கதவிலிருந்த பித்தளைப் பலகையையும் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளை வந்திருக்கிறாள். அவளும் ஒப்பந்தம்தான்.

ஆடியில் பிரேமலதா தங்கச்சியைப் பார்க்கப் போனாள். பொம்மைக்குள்ளிருந்து காணாமல் போன அதே இளம் பச்சைப் பாவாடையை உடுத்தி, கோகிலா தரையில் உட்கார்ந்து சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "ஏட்டி கோமதி, வலிக்குட்டி" என்று அவள் அதட்ட, எழுபது வயதுக் கிழவி "சரிக்கா, சரிக்கா" என்று சிரிக்கிறாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவை பிரேமலதா அதுவரை பார்த்ததில்லையாம். உத்தரத்தில் பெட்டி தொங்கியது. அதற்குள்ளிருந்து நகத்தால் தட்டுகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிரேமலதா அத்தையின் காலில் விழுந்தாள். "எங்க கோகிலாவத் தந்திருங்க அத்தை. உங்க அண்ணன் மகள்லா..."

கோமதித்தாய் பின்னலை விடாமல் பின்னினாள். ரிப்பனை முடிந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உடுக்க ஒரு சுடிதார் உள்ள இருக்கு. வர்ற தைக்கு இன்னொண்ணு எடுத்துக் குடு" என்றாள். "வருசத்துக்கு ஒண்ணு வச்சாப் போதும்."

அவ்வளவுதான்.

இன்று காலை, நாம் போய்விட்டு வருகிற இந்தக் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது ஜவுளிக்கடையில் பிரேமலதாவைப் பார்த்தேன். ஒரு சுடிதாரைத் தன் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஒரே உயரம். இன்றைக்கு தை கடைசி வெள்ளி. நான் பக்கத்தில் போகவில்லை, போக மனசு வரவில்லை. கடைப் பெண் பருத்தியில் மெல்லிசாக ஒன்றை எடுத்துப் போட்டு, "நம்ம வெயிலுக்கு இதான்க்கா நல்லாருக்கும்" என்றாள்.

பிரேமலதா அதைத் தள்ளி வைத்தாள்.

"கெட்டித் துணியாக் காட்டும்மா" என்றாள். "அவளுக்கு ரொம்பக் குளிருதாம்."